மழைக்கு முன்னால் ஒரு பென்சில் கோடு

ஆடாதீங்க மேடம், என்கிறார் ஏழுமலை ஏணியின் உச்சியிலிருந்து. நான் ஆடவில்லை, மூச்சு விட்டேன், அவருக்கு அதுவும் ஆட்டம். மேடை நடுவில் சாக்பீஸால் போட்ட பெருக்கல் குறிமேல் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, முகவாயைச் சற்றே தூக்கி, அவர் விளக்குகளை ஒவ்வொன்றாக என் முகத்துக்குத் திருப்பி முடிக்கும்வரை நின்றாக வேண்டும். நாளை நாடகம், இன்று மாலை நாலு மணிக்கு நான் ஒரு பொம்மை, பொம்மைக்கு வசனம் கிடையாது, அரங்கில் ஆளும் கிடையாது, முதல் வரிசையில் நாடகத்தை எழுதிப் போடுகிற வேதபுரி சார் மட்டும் பிளாஸ்கைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார், இடது சைடு விங்கில் பிளாஸ்டிக் ஸ்டூலில் என் பழைய தோழி திலகவதி, மடியில் பழைய வசனப் புத்தகம், காலடியில் கைப்பை, பைக்குள் ஓர் உறை, உறைக்குள் விருப்ப ஓய்வு கேட்டு அவள் எழுதிய கடிதம். இருபத்து மூன்று வருடம் சயின்ஸ் டீச்சர். நாலே முக்காலுக்கு இங்கிருந்து கிளம்பி ஐந்தரைக்குள் தலைமையாசிரியை கையில் அதைக் கொடுத்துவிடப் போகிறாள். நான் ஒரு விஷயத்தைச் சொன்னால் கொடுக்க மாட்டாள், அல்லது கொடுக்க வேண்டிய காரணமாவது அவளுக்கு இருக்காது, நான் சொல்லாமல் முகவாயைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், ஏனென்றால் ஆடக்கூடாதாம். என்ன வசதி. என் வாழ்க்கை முழுக்க யாராவது ஒருவர் சரியான நேரத்தில் வந்து என்னை ஆடாதே என்று சொல்லிவிடுகிறார்கள்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் அதைச் சொன்ன விதம்தான் எனக்குத் தாங்கவில்லை. தக்காளி சாதத்துக்கு நடுவில் சொன்னாள், மின்சார வாரியத்தில் பெயர் மாற்ற மனு கொடுத்ததைச் சொல்வதைப்போல. "போன மாசம் அட்டெண்டன்ஸ் எடுக்கறேன், எதிர்ல நிக்குது பொண்ணு, பேரு வரலடி. குக்கரை ரெண்டு தடவை அடுப்புலயே விட்டேன். டாக்டர்கிட்டப் போனேன். தூக்கம் இல்ல, வயசு அப்படி, வேற ஒண்ணும் இல்லம்மான்னாரு. அவருக்கென்ன தெரியும், எனக்கு இருபத்தொரு வயசுலயே ஒருக்கா மொத்தமா அழிஞ்சு போனது." ஒரு வாய் சாப்பிட்டாள். அதை அவரிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன், கேட்டது நான், என் குரல் எவ்வளவு அக்கறையாக இருந்தது என்று எனக்கே கேட்டது. "வெக்கமா இருந்துச்சு. ஆனா நேத்துதான் எனக்கு உறுதியாச்சு" என்று விரலைக் கழுவிவிட்டு வந்து, புத்தகத்தைப் பிரித்து, ஐந்தாம் அங்கத்தில் அந்தப் பக்கத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நீலக் காலிகோத் துணி ஒட்டிய, அன்றைக்கு என் கையிலிருந்த அதே புத்தகம். வேதபுரி சார் இதை இத்தனை வருடம் பீரோவில் பத்திரமாக வைத்திருந்து, டைப் அடித்த பிரதியில் ஒரு மாதம் ஒத்திகை ஓட்டியபிறகு நேற்றுத்தான் எடுத்துத் தந்திருக்கிறார், மனிதருக்கு வேறு வேலை இல்லை. "பாரு, மழைங்கற சொல்லுக்கு முன்னாடி நீ கோடு போட்டிருக்க. நிறுத்தணும்னு கோடு. வரி மறந்துடுச்சுன்னுதான் நான் இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். சார் அங்க நிறுத்தச் சொன்னதே எனக்கு ஞாபகம் இல்லடி, இப்பவும் இல்ல, எவ்வளவு யோசிச்சும் வரல. அப்ப அன்னைக்கே எவ்வளவு போயிருக்கு பாரு." பெருமைபோல ஒன்று இருந்தது அந்தப் பாருவில், நோயைத் தானே கண்டுபிடித்துவிட்ட பெருமை. பிறகு எனக்கு ஆறுதல் வேறு. "நீ மனசுல வச்சுக்காத. கோடு போட்டிருக்கச்சே நீ எப்படி எடுத்துக் குடுப்ப?" நான் அவளுடைய தக்காளி சாதத்தில் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

அந்தக் கோட்டை நான் போட்டது நாடகம் முடிந்த பிறகு. இதை எனக்குள்கூட இவ்வளவு நேராகச் சொல்லிக்கொண்டதில்லை, எப்போதும் ஒரு சுற்று சுற்றித்தான் வருவேன், அப்போது எனக்கு இருபத்தொரு வயது, அப்பாவின் பட்டாளப் பென்ஷன், பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பெண் ஊரில் எதற்கும் ஆகாதவள், அப்படி ஆரம்பித்து இப்படி வந்து கடைசியில் கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் வேறு வேலை நினைவுக்கு வந்துவிடும். இன்று வேறு வேலை இல்லை. லெஃப்ட்ல கொஞ்சம், கண்ணை மூடாதீங்க மேடம். சரி, மூடவில்லை. அந்த நாடகத்தில் திலகாவுக்கு ராணி வேடம், நான் பிராம்ப்ட், வரி மறந்தால் ஓரத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறவள். அவள்தான் ராணி என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, அவள் வாயைத் திறந்தால் கடைசி வரிசையில் வேர்க்கடலை தின்கிறவன்கூட மெல்லுவதை நிறுத்துவான். நாடகம் சார் எழுதியது, பழைய பாணித் துன்பியல், ஐந்து அங்கம். வெள்ள நாளில் கோட்டையின் நீர்வாசலில் நின்று ராணியின் அக்காள் மகன், பட்டத்துக்கு உரியவன், கதவைத் திறக்கச் சொல்லிக் கூப்பிடுகிறான், ராணிக்கு மட்டும் அது கேட்கிறது, காவலனிடம் அவள் சொல்வதில்லை, அவன் வெள்ளத்தோடு போகிறான், அவள் தன் மகனுக்கு முடி சூட்டுகிறாள், பிறகு மூன்று அங்கம் முழுக்கக் கூப்பிடும் குரல் அவளை விடுவதில்லை. கடைசி அங்கத்தில், விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள் என்று தோழிகளை அனுப்பிவிட்டு அவள் தனியாகச் சொல்ல வேண்டும்: மழை விட்டது என்கிறார்கள், என் காதில் மட்டும் விடவில்லை. திலகா தோழிகளை அனுப்பினாள். நின்றாள். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது, நடிப்புக்காக நிறுத்துகிறாளா, வசனம் போய்விட்டதா என்று பிராம்ப்ட் கொடுப்பவளுக்குத் தெரியாது இல்லையா, அதனால் வரி போய்விட்டால் இடது கை வளையலை ஒரு சுற்றுத் திருப்ப வேண்டும். திருப்பினாள். பார்த்தேன். மழை என்றால் போதும், இரண்டே எழுத்து, மிச்சத்தை அவள் பிடித்துக்கொண்டு போய்விடுவாள். இன்னொரு தடவை திருப்பினாள். நான் அவளைத் தாண்டி மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அங்கே பிரான்சிலிருந்து வந்திருந்த நாடகக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எங்கள் குழுவிலிருந்து ஒரே ஒரு பெண்ணை இரண்டு வருடப் பயிற்சிக்கு அழைத்துப்போக. நான் திட்டம் போடவில்லை. இதைத்தான் நான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன், திட்டம் போடவில்லை, திட்டம் போடவில்லை, ஏதோ திட்டம் போட்டவர்களுக்குத்தான் நரகம், சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தள்ளுபடி என்பதைப்போல. யாரோ இருமினார்கள், யாரோ சிரித்தார்கள், பின்னாலிருந்து ஒருவன், அம்மா தாயே வீட்டுக்குப் போகணும் என்றான், அரங்கமே சிரித்தது. வளையல் அதற்குப் பிறகும் திரும்பிக்கொண்டிருந்தது. கடைசியில் திரையை இழுத்துவிட்டார்கள். அவள் சேலையோடு, கிரீடத்தோடு, பின்பக்கமாக இறங்கி ஓடினாள், எல்லோரும் அவள் பின்னால் ஓடினார்கள். நான் ஓடவில்லை. புத்தகத்தைத் திறந்து, பென்சிலை எச்சில் தொட்டு, மழைக்கு முன்னால் ஒரு கோடு போட்டேன். நேரான, சின்ன, அழகான கோடு.

கோட்டுக்கு இருக்கிற மரியாதை இருக்கிறதே. சார் வந்தார், ஏன் எடுத்துக் கொடுக்கவில்லை என்றார், நான் பேசவே இல்லை, பக்கத்தைக் காட்டினேன், அவ்வளவுதான். "ஓ, நிறுத்தம் இருக்கா. அவ நடிக்கிறான்னு நெனச்சியா. நான்தான் நிறுத்தச் சொன்னேனா? சொல்லியிருப்பேன், சொல்லியிருப்பேன்." அந்த மனிதர் தான் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகத் தன் ஞாபகத்தையே திருத்திக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன், எழுதியிருந்ததே, பிறகு என்ன. "மறதிக்காரிய வச்சு ராணி போட்டேன் பாரு, எம்புத்தி" என்றார் எல்லோர் முன்னாலும், மறுநாள் இரண்டாம் காட்சிக்கு ராணி நான்தான், எல்லா வரியும் பாடமாகத் தெரிந்தவள் வேறு யார். மூன்றாவது வரிசைக்காரர் என்னைத் தேர்ந்தெடுத்தார். திலகா வழியனுப்ப வந்தாள், வாழைக்காய் வறுவல் ஒரு டின் கொண்டுவந்தாள். நான் அப்போது நடிப்புன்னு நெனச்சுட்டேன்டி என்றேன், வாயில் வந்துவிட்டது. "என் நடிப்பு அவ்வளவு நல்லா இருந்துச்சுன்னு நெனச்சுக்கறேன் போ" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அன்றைக்கே அவளை அறைந்திருக்க வேண்டும். ஏன் கேட்கவில்லை நீ? வளையலைத் திருப்பினேனே, பார்க்கலையாடி என்று ஒரு வார்த்தை ஏன் கேட்கவில்லை? திருப்பியதுகூட உனக்கே நிச்சயமில்லை என்று முடிவு செய்துவிட்டாய் இல்லையா, உன் கையைவிட என்னை நம்பினாய், அதுவும் என் தப்பா? ஆமாம், என் தப்பு. சரி. எனக்குக் கோபம் வருகிறது, யார்மேல் வருகிறது என்று பார்த்துத்தான் வர வேண்டுமென்று சட்டமா.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குத் துன்பியல் பாடம் எடுத்த கன்னியாஸ்திரீ சொல்வார், ஒரே இடம், ஒரே நாள், ரத்தம் மேடையில் தெரியக்கூடாது. எவ்வளவு சுத்தமான கலை. குற்றம் செய்தவளுக்கு ஒரு தோழி உண்டு, குற்றம் செய்தவள் பக்கம் பக்கமாகப் பேசுவாள், தோழி நடுநடுவே, அம்மணி, பிறகு என்ன நடந்தது என்பாள், அதுதான் அவள் வேலை. அப்போது எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது, நான் எப்போதும் பேசுகிறவளின் பக்கம்தான் படித்தேன், தோழியின் வரிகளைக் கண் தாண்டிப் போய்விடும். இப்போது சொல்கிறேன், அந்த நாடகங்களை எழுதியவர்கள் எல்லாரும் எங்களை மாதிரி ஆட்களுக்கு லஞ்சம் கொடுத்திருக்கிறார்கள். செத்தவன் இரண்டாம் அங்கத்திலேயே போய்விடுகிறான், அவனுக்கு நீர்வாசலில் நாலு கூப்பாடு, அவ்வளவுதான். கொன்றவளுக்கு இடி, மின்னல், தனி விளக்கு, கையை விரித்து அழ இருபது நிமிடம், பார்க்கிறவர்கள் அவளுக்காக மூக்கைச் சிந்துகிறார்கள். என்ன மனசாட்சி, என்ன தவிப்பு, எவ்வளவு பெரிய பெண்மணி. தவித்தேனா நான்? பாரிஸில் மழை பெய்யும்போதெல்லாம் அந்தச் சொல் ஞாபகம் வந்தது உண்மை, அங்கே மழைக்குக் குறைச்சலா, ஆனால் ஞாபகம் வந்ததும் குடையை விரித்துக்கொண்டு ஒத்திகைக்குப் போனேன். எதற்கு ஒத்திகை? பயிற்சி முடிந்தும் அங்கேயே தங்கிவிட்ட இருபத்தேழு வருடத்தில் நான் போட்ட வேடங்கள்: நர்ஸ், மளிகைக் கடைக்காரி, மறுபடியும் நர்ஸ், தொலைக்காட்சித் தொடரில் செத்துப்போன பெண்ணின் தாய், அதில் வசனம் கிடையாது, பிணத்தைப் பார்த்துக் கத்த வேண்டும், உங்கள் பாஷையில் கத்துங்கள் என்றார்கள். இதற்குத்தானா. இதற்குத்தான் அந்தக் கோடு. பெரிய ராணியாக ஆகியிருந்தால் பாவத்துக்காவது ஒரு அந்தஸ்து இருந்திருக்கும். இங்கே திரும்பி வந்தால், பாரிஸ்ல நடிச்சவங்க என்று சார் எழுந்து நிற்கிறார், அதே நாடகத்தை மறுபடி எடுத்து ராணி வேடத்தைத் தட்டில் வைத்துத் தருகிறார், திலகா தானாகவே வந்து, "நான் பிராம்ப்ட் பண்றேன் சார், புத்தகத்தைப் பாத்துப் படிக்கறதுதானே, அதுக்கு ஞாபகம் வேணாம் பாருங்க" என்று அதே ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறாள். ஒத்திகை தொடங்கி ஒரு மாதம், ஒரு வரியைக்கூட எனக்குத் தவறவிட்டதில்லை, நான் தடுமாறப் போகிறேன் என்பது எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிகிறது, தண்ணீர் ஊற்றுவதைப்போலச் சொல்லை ஊற்றுகிறாள். இவளுக்கா மறதி. நாடகம் முழுக்க இவளுக்கு மனப்பாடம், ஒருநாள் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்து இரண்டு அங்கத்தைப் புத்தகம் பார்க்காமலேயே கொடுத்தாள், அதை அவளே கவனிக்கவில்லை.

"ஆச்சு மேடம். ரெண்டு வரி பேசுங்க, வாய் அசையறப்ப மூக்கு நிழல் எங்க விழுதுன்னு பாத்துடறேன்." ஏழுமலை இறங்காமலே கேட்கிறார். சார் நிமிர்ந்தார். "அஞ்சாம் அங்கம், ஜெசிந்தா. விளக்கை அணைத்துங்கறதுலேருந்து." மணி நாலு முப்பத்தெட்டு, அரங்கின் கதவுக்கு மேல் கடிகாரம், விளக்கு மூஞ்சியில் அடித்தாலும் அது மட்டும் தெரிகிறது. விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள், என்றேன். குரல் வந்தது. நிறுத்தினேன். திலகாவும் நிறுத்தினாள். ஓரக்கண்ணில் தெரிகிறது, விரலைக் கோட்டின்மேல் வைத்துக்கொண்டு, உதட்டை மடித்து, என் பொய்க்குப் பணிந்து, எண்ணுகிறாள், ஒன்று, இரண்டு, மூன்று, அத்தனை நம்பிக்கையோடு ஒருத்தி ஒரு கோட்டுக்கு முன்னால் காத்திருப்பதை நான் பார்த்ததில்லை. பிறகு மெதுவாக, "மழை." நான் வாங்கிக்கொள்ளவில்லை. "மழை விட்டது." நான் வாயைத் திறக்கவில்லை. "மழைடி, ஜெசி." அதில் பயம் இருந்தது, எனக்காகப் பயம், மேடையில் வாயடைத்து நிற்பது எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் அவளைவிட யாருக்குத் தெரியும். என்னால் அதற்குமேல் முடியவில்லை, இரக்கத்தால் அல்ல, எரிச்சலால், சத்தியமாக எரிச்சலால்தான், கத்திபோலச் சொன்னேன், "அந்தக் கோடு அன்னைக்கு இல்ல. வரியும் நீ கேட்ட, நான் குடுக்கல." கீழேயிருந்து சார், "அடடா, இந்தத் தொனி, இதைத்தான் ஒரு மாசமா கேக்கறேன், ஆனா என்ன வசனம்மா இது?" திலகா பக்கத்தைத் திருப்பினாள். முன்னால் திருப்பினாள், பின்னால் திருப்பினாள், விரலை நாக்கில் தொட்டுக்கொண்டாள். "ஒரு நிமிஷம் சார், எனக்குப் பக்கம் தவறிடுச்சு. எங்க வருது இது, ஜெசி? பாத்தியா, இதைத்தான் சொன்னேன்."

பெருக்கல் குறியை விட்டு விலகினேன். மேடம் மேடம், நகந்துட்டீங்களே மேடம் என்று ஏணியில் கத்தல். நகர்ந்தேன். சைடு விங்கில் போய் அவள் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்து மூடினேன். இதுல இல்ல திலகா. நீ ரெண்டு தடவைக்கு மேல வளையலத் திருப்பின, நான் பாத்தேன், பாத்துக்கிட்டே சும்மா இருந்தேன், நீ ஓடின பிறகு இந்தக் கோட்டப் போட்டேன், சார் உன்னை நிறுத்தச் சொல்லவே இல்ல. சொல்லிவிட்டு, பாவி நான், ஒரு விநாடி காத்திருந்தேன், அவள் அழுவாள், நான் அழுவேன், பிறகு ஏதாவது லேசாகும் என்று. அவள் அழவில்லை. தன் இடது கையைப் பார்த்தாள், அதில் இப்போது வளையல் இல்லை, கைக்கடிகாரம், அதைச் சும்மா ஒரு தடவை தொட்டாள். "திருப்பினேன்ல?" என்றாள். "திருப்பின." "திருப்பினேன்" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், கணக்கு டீச்சர் விடையைச் சரி பார்ப்பதைப்போல, அப்புறம்தான் முகம் மாறியது, இத்தனை வருடத்தில் நான் பார்க்காத ஒரு முகம், நல்லவேளை அது இருந்தது. "இந்தாளுக்குத் தெரியுமா?" கீழே சாரைக் காட்டினாள். தெரியாது. "மறதிக்காரின்னு சொன்னான்ல எல்லார் எதிர்லயும். எனக்குக் கல்யாணம் பேசறப்பகூட யாரோ கேட்டுட்டு வந்தாங்க, பொண்ணுக்கு ஏதோ கோளாறாமேன்னு. எங்கம்மா சாகற வரைக்கும் எனக்கு வல்லாரை அரைச்சுக் குடுத்தா, தெரியுமாடி உனக்கு?" எனக்குத் தெரியாது. மன்னிப்பு என்று ஆரம்பித்தேன், கையை நீட்டித் தடுத்தாள். "அதெல்லாம் எனக்கு வேணாம். நீ போயி அந்தாள்கிட்டச் சொல்லு. மேடையிலேருந்து, லைட்டுலயே நின்னு, இப்ப என்கிட்டச் சொன்னது மொத்தமும். அந்த லைட்காரருக்கும் கேக்கணும்." ஸ்டூலில் மறுபடியும் உட்காரவில்லை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கடிதம் என்றேன். "அது என் கடுதாசி. குடுக்கறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன், அதுக்கு நீ பெருமைப்பட வேணாம். எனக்கு நாலு நிமிஷம் இருக்கு, போ." போனேன். விளக்கு இப்போது மூக்கில் நிழல் இல்லாமல் சரியாக விழுகிறது போலிருக்கிறது, ஏழுமலை ஏணிமேலேயே உட்கார்ந்துவிட்டார், வேதபுரி சார் பிளாஸ்கின் மூடியில் டீயை ஊற்றிக்கொண்டே, என்னம்மா, வெளிச்சம் கண்ணைக் குத்துதா என்றார். இல்ல சார், என்று ஆரம்பித்தேன்.